பழனி மலைப் பாதைகள் வரைபடமான வரலாறு

மதுரைச் சமவெளிக்கு வடமேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிளையாக அமைந்தது பழனி மலை. மதுரை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்திலும், கோடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இவற்றிடையே மக்கள் நடந்த வழிகள் 19-ஆம் நூற்றாண்டில் வரைபடத்தில் இடம்பெறத் தொடங்கின.

முதல் அளவை

1802-இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, முக்கோண முறை நிலஅளவையைத் தொடங்கினார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மதுரை, திண்டுக்கல் பகுதிகளை அளக்கும் பணியில் லெப்டினன்ட் பி. எஸ். வார்டு ஈடுபட்டார். 1821-இல் அவர் பழனி மலைக்கு ஏறியது வெள்ளகவி என்னும் மலைக்கிராமத்தின் வழியாகத்தான். குன்னுவர், பளியர் முதலிய மலைமக்களின் கால்தடங்கள் அதற்கு முன்பே அங்கு இருந்தன. வரைபடம் அந்த வழிகளைப் பதிவு செய்தது, உருவாக்கவில்லை.

குடியேற்றமும் வழிகளும்

மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மதப்பணியாளர்கள் சமவெளியின் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி, முதலில் சிறுமலையை நாடினர். அங்கும் மலேரியா இருந்ததால் 1845-இல் கோடைக்கானலில் வீடுகள் கட்டினர். பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து நடந்தும், குதிரையிலும், ஆட்கள் சுமந்த நாற்காலியிலும் மேலே சென்றனர். 1875-இல் மதுரைக்கு இருப்புப்பாதை வந்தபின், அம்மையநாயக்கனூர் நிலையமே மலைக்குச் செல்வோர் இறங்கும் இடமானது. அதுவே இன்றைய கொடைரோடு.

1872-இல் லெப்டினன்ட் கோக்கர் மலைச்சரிவின் விளிம்பில் நடைபாதை அமைத்தார். கோடைக்கானலின் விளக்க வரைபடத்தையும் தயாரித்தார். இன்றும் அப்பாதை 'கோக்கர்ஸ் வாக்' எனப்படுகிறது. 1910-களில் வத்தலக்குண்டு வழியான மலைச்சாலை பயன்பாட்டுக்கு வந்ததும் பழைய நடைவழியின் தேவை குறைந்தது.

வரைபடம் சொல்லாதவை

இந்திய நிலஅளவைத் துறையின் 1:50,000 அளவுப் படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் அரை கிலோமீட்டர். சம உயரக்கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு செங்குத்தானது என்று மாணவர்கள் அறிவர். ஆனால் எந்த ஓடை கோடையில் வற்றும், எந்தப் புல்வெளி எப்போது தீப்பற்றும் என்பதைக் கோடுகள் காட்டா. அதை அறிந்தவர்கள் அங்கு வாழ்பவர்களே.

இந்த இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்பதை 2018 மார்ச் 11 காட்டியது. அன்று பழனி மலைக்குத் தெற்கே, தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றம் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

தரம் பிரித்தல்

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப் பனிச்சறுக்குப் பாதைகளை வரைபடத்தில் நீலம், சிவப்பு, கறுப்பு எனக் கடினத்துக்கு ஏற்ப நிறம் பிரித்துக் காட்டுவது வழக்கம். பனியில்லாத நம் மலைகளுக்கும் அத்தகைய தரப்பிரிப்பு வந்துள்ளது. 2018-இல் தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 வழித்தடங்கள் எளிது, மிதமானது, கடினம் என வகைப்படுத்தப்பட்டன. உள்ளூர் வழிகாட்டிகளே உடன் செல்கின்றனர்.

வார்டின் காலத்தில் நிர்வாகத்துக்காக வரையப்பட்ட கோடு, இன்று நடப்பவரின் உயிரைக் காக்கவும் வேண்டியிருக்கிறது. அதற்கு அளவைக் கருவியோடு மலைமக்களின் அறிவும் சேரவேண்டும்.