மே மாதமும் 29 மாதமும்

அமெரிக்காவில் ஏ.எல்.எஸ். நோய்க்கான விழிப்புணர்வு மாதம் மே. பக்கத்து வீட்டுக் கனடாவில் ஜூன். நோய் ஒண்ணு, காலண்டர் ரெண்டு! ஒருகாலத்தில் இந்த நாள், வாரம், மாதம் அறிவிக்கிற தீர்மானங்களே அமெரிக்கக் காங்கிரஸில் (நம்மூர் காங்கிரஸ் இல்லீங்க) மலைபோலக் குவிந்து, 1995-ல் கீழ்சபை "இனி இங்கே இதெல்லாம் கிடையாது" என்று விதியே போட்டுவிட்டது.

ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்ததே, அதே நோய்தான். தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். 1963-ல் நோய் தெரிந்த ஹாக்கிங் 2018 வரை இருந்தார். அவரை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 5 வருஷம், அவ்வளவுதான்.

இப்போ ஒரு கணக்கு. வேலை செய்ய முடியாமல் போனவர்களுக்கும் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு உண்டு என்று 1972-ல் சட்டம் வந்தது. ஆனால் உதவித்தொகை கிடைக்கவே முதலில் 5 மாதம் காத்திருக்கணும். அதற்கப்புறம் மெடிகேருக்கு 24 மாதம். மொத்தம் 29. கிட்டத்தட்ட எந்த நோயாக இருந்தாலும் இதே விதி. (நம்ம தொழிலில் இதை ஹார்ட்கோட் செய்வது என்போம்.)

அமெரிக்காவில் இந்த நோய்க்கே பெயர் கொடுத்த பேஸ்பால் வீரர் லூ கெரிக்கைப் பாருங்க. தொடர்ந்து 2,130 ஆட்டம் ஆடியவர். 1939 ஜூனில் நோய் உறுதியானது. 1941 ஜூன் 2-ல் இறந்துவிட்டார். 24 மாதம்கூட முழுசா ஆகலை. அவர் காலத்தில் மெடிகேர் கிடையாது. இருந்திருந்தாலும் கைக்கு வந்திருக்காது!

2014-ல் ஊரே தலையில் ஐஸ் தண்ணி ஊற்றிக்கொண்டதே, அதில் ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அது நடந்ததும் மே மாதத்தில் இல்லை, ஜூலை-ஆகஸ்டில். ஆனால் பணத்தால் அந்த 29 மாதத்தைக் குறைக்க முடியாது. அதற்குச் சட்டம் மாறணும். நோயாளிகள் சக்கர நாற்காலியில் வாஷிங்டன் போய் உறுப்பினர்களை நேரில் பார்த்துப் பேசினார்கள். பல வருஷம் அதற்கு மே மாதம்தான் சாக்கு. அந்த ஒரு காரியத்துக்காகவே இந்த மாதத்தை நான் கிண்டல் பண்ணமாட்டேன்.

24 மாதக் காத்திருப்பை ஏ.எல்.எஸ்.காரர்களுக்கு மட்டும் நீக்கி 2000-ல் சட்டம் வந்தது. அமலானது 2001 ஜூலையில். மிச்சமிருந்த அந்த 5 மாதத்தை எடுக்க இன்னும் 20 வருஷம் ஆச்சு, 2020-ல். ரெண்டு கையெழுத்தும் விழுந்தது டிசம்பரில்.