சேத்தூர்க் கவிராயர் வீட்டிலிருந்து பெல்ஜியம் வரை

ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில் இருக்கிறது சேத்தூர். ஜமீன் காலத்தில் புலவர்களுக்கு அங்கே குறைவில்லை. பக்கத்து முகவூர் இராமசாமிக் கவிராயர் சேத்தூர் சமஸ்தான வித்துவான், பிள்ளைகளும் புலவர்களே. அவர்களில் ஒருவரான மு.ரா. கந்தசாமிக் கவிராயர் மதுரையில் ‘விவேகபானு’ பத்திரிகை நடத்தினார். 1904 ஜூலையில் அதில் ‘தனிமை இரக்கம்’ என்றொரு பாட்டு வந்தது. எழுதியவர் எட்டயபுரத்துக்காரர், வயது 21. பாரதியின் பாட்டு முதன்முதலாக அச்சேறியது அப்போதுதான்.

அதைப் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும். பண்டிதர் மெச்சும் இறுகிய நடை. ஆனால் எழுதிய பையன் ஷெல்லிப் பித்துப் பிடித்து ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் சூட்டிக்கொண்டவன். கவிராயர் அச்சிட்டது அந்தப் பையனின் ஒரு பாதியைத்தான். மறு பாதி கடல் கடந்த புத்தகங்களில் திரிந்துகொண்டிருந்தது.

பிரான்ஸ் பாரதிக்குக் கவிதையாக வரவில்லை, அரசியலாக வந்தது. 1906-இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழ் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற பிரெஞ்சுப் புரட்சி முழக்கத்தைத் தலையில் தாங்கி வந்தது. 1908-இல் கைதுக்குத் தப்பிப் புதுச்சேரி போனார். பத்தாண்டு வாசம். பிரெஞ்சு கற்றார். 1910-இல் அரவிந்தரும் வந்து சேர்ந்தார். பிரிட்டிஷ் ஒற்றர்கள் வாசலில் காவல் கிடக்க, உள்ளே வேதமும் ஐரோப்பிய இலக்கியமும் அலசப்பட்ட விசித்திரமான காலம் அது.

அந்தப் படிப்பில் அகப்பட்டவர்தான் எமில் வெர்ஹேரன். 1855-இல் பெல்ஜியத்தில் ஷெல்ட் நதிக்கரை ஊரொன்றில் பிறந்தவர். பிளெமிஷ் மண்ணின் பிள்ளை, பாடியதெல்லாம் பிரெஞ்சில். கிராமங்களை விழுங்கும் நகரத்தை 1895-லேயே ஒரு முழுத் தொகுப்பாகப் பாடினார். ஆலைப் புகை, துறைமுகம், கூலிக் கூட்டம் எல்லாம் அவர் கவிதைக்குள் வந்தன. முதலில் அவற்றைக் கண்டு மிரண்டவர், பிறகு அவற்றின் வலிமையிலேயே அழகைக் கண்டார். 1914-இல் ஜெர்மானியப் படை நாட்டுக்குள் புகுந்தபோது இங்கிலாந்துக்குப் போனார். 1916 நவம்பர் 27 அன்று, பிரான்ஸில் ரூவான் ரயில் நிலையத்தில், கிளம்பிய வண்டியில் ஏறப்போய்ச் சக்கரத்தில் விழுந்து மாண்டார். யந்திர யுகத்தின் கவிஞருக்கு இப்படி ஒரு சாவு!

வீழ்ந்த பெல்ஜியத்தை வாழ்த்திப் பாடிய பாரதி, இந்தக் கவிஞரைப் பற்றியும் தமிழில் கட்டுரை எழுதினார். சென்னையிலேயே பலர் கேள்விப்பட்டிராத பெயர் அது. அதே 1916-இல் ஜப்பானியக் கவிதை பற்றியும் எழுதியிருந்தார். கையில் காசில்லாத மனிதர் உலகக் கவிதையை இப்படி வாரி வாரிப் படித்திருக்கிறார்.

பாரதியின் வசன கவிதையைப் பேச வந்தால் விமரிசகர்கள் உடனே வால்ட் விட்மனைக் கூப்பிடுகிறார்கள். விட்மனைப் பாரதியும் கொண்டாடியவர்தான், மறுக்கவில்லை. ஆனால் யாப்பின் கட்டைத் தளர்த்தியவர் வெர்ஹேரனும்தான். அவரை அந்தப் பந்தியில் உட்கார வைக்க ஏனோ யாருக்கும் மனம் வரவில்லை.

(தொடரும்)