சிற்றுருவப் போர் வாகனங்கள்: எதைத் தெரிவது?



சென்ற ஆண்டு முதலாந் தவணை முடிவில் எமது பாடசாலை மாணவன் ஒருவன் என் அறைக்கு வந்தான். பத்தாந் தரத்திற் கற்பவன். இலண்டனில் வாழும் அவனுடைய மாமா, பிறந்தநாட் பரிசாகப் போர்த்தாங்கியின் உருவமாதிரி ஒன்றை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். துண்டுதுண்டாகப் பெட்டியில் வருவதைப் பசையிட்டுப் பொருத்தி, வர்ணந் தீட்டி முடிக்கும் விளையாட்டுப் பொருள் அது. வரலாற்றுக் கழகத்தின் கண்காட்சியிலும் அதனை வைக்கலாமென அவன் எண்ணியிருந்தான். படங்கள் நிறைந்த விலைப்பட்டியலை என்முன் விரித்து, "எதைக் கேட்கலாம், ஐயா?" என்றான். அவன் விரலோ ஏற்கனவே ரைகர் என்னும் ஜேர்மன் தாங்கியின்மீது பதிந்திருந்தது.

நான் உடனே விடை கூறவில்லை. ஒரு வார அவகாசங் கேட்டேன். அதற்குக் காரணங்கள் இரண்டு. இத்தகைய பெட்டிகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது சொற்பம் என்பது ஒன்று. மற்றையது, போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டுக்கு முன்னர் பிறந்து வளர்ந்த எவருக்கும் எளிதில் விளங்கும். தாங்கியின் ஓசை எத்தகையதெனச் செவியால் அறிந்த மக்கள் வாழும் நாட்டில், ஒரு பிள்ளை அதனை மேசைமேல் வைத்து அழகு பார்க்க நான் துணை போகலாமா என்ற தயக்கமே அது. இரண்டுக்கும் விடையை வரலாற்றிலே தேடினேன். தேடிக் கண்டவற்றை இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

போரைச் சிறிதாக்கிப் பார்க்கும் ஆசை பழையது. ஆயினும் அது சாதாரண வீட்டுப் பிள்ளைகளின் கைக்கு எட்டியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேதான். 1893ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த வில்லியம் பிரிட்டன் நிறுவனத்தார் உள்ளீடற்ற ஈயப் போர்வீரர்களை வார்க்கத் தொடங்கினர். உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றி, வெளிப்புறம் இறுகியதும் நடுவில் எஞ்சியதை வெளியே கவிழ்த்துவிடுவது அவர்களுடைய முறை. உலோகம் மிச்சமாயிற்று, விலையும் குறைந்தது. அந்த வீரர்களையும், அதே நிறுவனத்தாரின் சிறு பீரங்கியையும் வைத்து விளையாடியவர்களில் ஒருவர் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். 1913இல் அவர் 'லிட்டில் வார்ஸ்' என்ற பெயரில் அவ்விளையாட்டின் விதிகளை நூலாக வெளியிட்டார். சிறு போரைச் சில தடவை ஆடிப் பார்த்தவன், பெரும் போர் எத்துணை அறிவீனமானது என்பதை உணர்வான் என்பதே அந்நூலில் அவர் முன்வைத்த வாதம். மறு ஆண்டே முதலாம் உலகப் போர் மூண்டது. விளையாட்டுப் பொருள் போரைத் தூண்டுமா, போரை விளங்க வைக்குமா என்ற வினா அன்றே எழுந்துவிட்டது என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகின்றேன்.

அப்போரின் நடுவிலேதான் தாங்கி பிறந்தது. இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 1915இல் முதல் மாதிரி உருவாக்கப்பட்டது. இரகசியம் வெளியாகாதிருக்க, நீர் நிரப்பும் தொட்டிகளே செய்யப்படுகின்றன என்று சொல்லி வைத்தனர். 'ராங்க்' என்ற ஆங்கிலப் பெயர் அவ்வாறு ஒட்டிக்கொண்டது. நீர்த்தாங்கியையும் போர்த்தாங்கியையும் ஒரே சொல்லால் நாம் குறிப்பதற்கும் அந்தப் பழைய மறைப்பே மூலகாரணம். 1916 செப்டெம்பர் 15ஆந் தேதி, பிரான்ஸ் நாட்டின் சோம் போர்க்களத்தில் தாங்கிகள் முதன்முறையாகக் களம் இறங்கின.

இனி அளவுத்திட்டத்துக்கு வருவோம். உருவமாதிரியைத் தெரிவோர் முதலில் நோக்க வேண்டியது இதுவே. சிற்றுருவங்களில் மிகப் பெயர்பெற்ற அளவு, உண்மைப் பொருளின் 72இல் ஒரு பங்கு. இவ்வெண் எங்கிருந்து வந்தது? ஆறு அடி உயரமுள்ள மனிதனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு அடி என்பது 72 அங்குலம். ஆகவே இவ்வளவில் அவன் ஓர் அங்குல உயரத்தில் நிற்பான். மனித உடலையே அளவுகோலாகக் கொண்ட கணக்கு இது. 1930களில் இங்கிலாந்திலே வெளிவந்த மரத்தாலான விமான மாதிரிகளிலும், 1936இல் 'ஃப்ரொக் பென்குவின்' என்ற பெயரில் வந்த முதல் பிளாஸ்டிக் விமானப் பெட்டிகளிலும் இதுவே பின்பற்றப்பட்டது.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது, இவ்வளவு போர்ப்பயிற்சிக்கும் உதவியது. 1942இல் அமெரிக்கக் கடற்படை, விமானங்களை அடையாளங் காணும் பயிற்சிக்காக 5 இலட்சம் மாதிரிகளைச் செய்து தருமாறு நாட்டின் பாடசாலை மாணவர்களைக் கேட்டது. 72இல் ஒரு பங்கான மாதிரியை 35 அடி தொலைவில் வைத்துப் பார்த்தால், உண்மையான விமானத்தை ஏறக்குறைய அரை மைல் தொலைவிற் காண்பதற்கு ஒப்பாகும். கைத்தொழில் வகுப்பிலே மரத்தைச் செதுக்கிய சிறுவர்கள், தம்மை அறியாமலே போரின் ஓர் உறுப்பாயினர். ஓர் ஆசிரியன் என்ற வகையில் இச்செய்தி என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது.

தாங்கிகளுக்கும் லொறிகளுக்கும் வேறு அளவுகள் வந்து சேர்ந்த கதை சுவையானது. எயார்பிக்ஸ் என்ற பிரித்தானிய நிறுவனத்தை 1939இல் நிறுவியவர், ஹங்கேரியிலிருந்து வந்த நிக்கலஸ் கோவ் என்பவர். காற்றடைத்த இறப்பர் பொம்மைகள் செய்து, போருக்குப் பின் பிளாஸ்டிக் சீப்புகள் வார்த்து, 1952இல் 'கோல்டன் ஹைண்ட்' என்ற கப்பலின் மாதிரியை இரண்டு சிலிங் விலைக்கு விற்றது அந்நிறுவனம். 1961இல் அது தாங்கிகளை வெளியிடத் தொடங்கியபோது, வீடுகளிலிருந்த விளையாட்டுப் புகையிரதங்களுடன் பொருந்தும் 76இல் ஒரு பங்கு என்ற அளவைக் கைக்கொண்டது. யப்பானின் ஷிஸுவோகா நகரத்துத் தமியா நிறுவனமோ, மர வியாபாரத்தில் தொடங்கி மாதிரிகளுக்கு வந்தது. 1960களின் தொடக்கத்தில் அது பந்தர் என்னும் ஜேர்மன் தாங்கியை ஓடும் பொம்மையாகச் செய்தபோது, உள்ளே மோட்டாரும் மின்கலங்களும் அடங்குமாறு உடலை அமைத்தது. அவ்வாறு அமைந்த அளவைக் கணக்கிட்டால் 35இல் ஒரு பங்காக இருந்தது. இன்று உலகெங்கும் பெரிய அளவுத் தாங்கி மாதிரிகளுக்கு அதுவே பொது அளவு. ஒன்று மனிதனின் உயரத்திலிருந்து பிறந்தது, ஒன்று புகையிரதப் பாதையிலிருந்து, மற்றொன்று மின்கலத்திலிருந்து!

இதிலிருந்து கிடைக்கும் முதற் பாடம், ஏதாவது ஓரளவைத் தெரிந்து அதனையே கடைப்பிடிக்க வேண்டும் என்பதாகும். 72க்கும் 76க்கும் வேறுபாடு சொற்பமெனத் தோன்றும். ஆயினும் ஷேர்மன் என்ற அமெரிக்கத் தாங்கி முதலாவது அளவில் 81 மில்லிமீற்றர் நீளமும், இரண்டாவதில் 77 மில்லிமீற்றர் நீளமும் கொள்ளும். இரண்டையும் அருகருகே வைத்தால் கண் ஏமாறாது. இடவசதி குறைந்த வீட்டுக்கும், சிறிய கண்காட்சி மேசைக்கும் சிற்றளவே ஏற்றது. 35இல் ஒரு பங்கான அதே ஷேர்மன் 167 மில்லிமீற்றர் நீளம் கொள்ளும். அதற்குத் தக விலையும் ஏறும்.

அடுத்து, எந்த வாகனம் என்ற வினா. இங்கேதான் வரலாற்று மாணவன் விழிப்பாயிருத்தல் வேண்டும். உருவமாதிரிக் கடையின் தட்டுகளைப் பார்த்து இரண்டாம் உலகப் போரை ஒருவன் கற்பானாயின், ஜேர்மனியின் பெருந்தாங்கிகளே அப்போரை நடத்தின என்று நம்பிவிடுவான். தமியாவின் முதலாவது தாங்கி பந்தர். எயார்பிக்ஸின் முதற் தொகுதியிலும் அது இடம்பெற்றது. ரைகரோ இன்றுவரை எத்தனையோ நிறுவனங்களின் பெட்டிகளில் வந்துகொண்டிருக்கின்றது.

உண்மைக் கணக்கு என்ன? ரைகர் முதலாம் வகைத் தாங்கிகளில் உற்பத்தியானவை 1,347 மாத்திரமே. ஷேர்மன் தாங்கிகளோ 49,000க்கு மேல். இரண்டரைத் தொன் பாரம் ஏற்றும் ஜீ.எம்.சீ. லொறிகளை அமெரிக்கா 5 இலட்சத்துக்கு மேல் உற்பத்தி செய்தது. மறுபுறத்தில், 1941 ஜூன் மாதத்தில் சோவியத் நாட்டின்மீது படையெடுத்த ஜேர்மன் சேனை, 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை உடன் கொண்டு சென்றது. இயந்திரப் படையெனப் புகழப்பட்ட சேனையின் உணவையும் குண்டுகளையும் பெரும்பாலும் குதிரைகளே இழுத்தன. பெட்டியின் மேலுள்ள வண்ணப்படம் இதனை நமக்குச் சொல்வதில்லை.

1944இல் பிரான்சில் முன்னேறிய நேச நாட்டுப் படைகளுக்கு எரிபொருள் போதாமற் போயிற்று. ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை, 'ரெட் போல் எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில் லொறிகள் இரவு பகலாக ஓடின. உச்சக் கட்டத்தில் ஏறக்குறைய 6,000 வண்டிகள் நாளொன்றுக்கு 12,500 தொன் பொருள்களைச் சுமந்தன. அவற்றை ஓட்டியோரில் நாலில் மூன்று பங்கினர் கறுப்பினத்தவர்கள். நிறத்தின் பெயரால் தனிப் பிரிவுகளில் ஒதுக்கி வைத்த ஒரு சேனையின் வெற்றிக்காக அவர்கள் உறக்கமின்றி உழைத்தனர். தாங்கியொன்றின் கதையில் இத்தகைய பாடம் எளிதிற் கிடைக்குமா? எயார்பிக்ஸ் நிறுவனம் பின்னாளில் ஒஸ்ரின் அம்புலன்ஸ் வண்டியையும் விமானங்களுக்கு எரிபொருள் ஊட்டும் லொறிகளையும் சிற்றுருவிலே வெளியிட்டது. அவற்றையும் பட்டியலிலே தேடிப் பார்த்தல் நன்று.

இரண்டாம் பாடம் இதுதான்: அழகினால் மாத்திரம் தெரியாதீர்கள், எந்த ஆண்டு, எந்தக் களம், யார் ஓட்டியது என்று கேட்டுத் தெரியுங்கள். ரைகர் முதன்முதலாகப் போரிட்டது 1942இல், லெனின்கிராட் நகருக்கு அண்மையில். அதனை 1940இன் பிரான்ஸ் படையெடுப்பில் நிறுத்துவது பிழை. ஷேர்மன் முதன்முதலாகப் பெருஞ்சமரில் இறங்கியது 1942 ஒக்டோபரில், எகிப்தின் எல் அலமெய்னில், பிரித்தானியர் கையில். அதனை அக்களத்தில் வைப்பதானால் பாலைவன நிறமே தீட்டுதல் வேண்டும்.

பொருத்துவோருக்கு உதவும் சில நடைமுறைக் குறிப்புகளையும் சேர்த்துச் சொல்லிவிடுகின்றேன். முதன்முறை செய்பவனுக்குச் சங்கிலித் தடமுள்ள தாங்கியைவிட, சில்லுகளில் ஓடும் லொறியே எளிது. பழைய பெட்டிகளிலுள்ள மெதுமையான தடங்களைச் சாதாரணப் பசை பற்றாது. பெட்டியின் படம் புதிதாயிருப்பதால் உள்ளேயிருப்பதும் புதிதென்று நம்புதல் கூடாது. உருக்கு அச்சு நெடுங்காலம் உழைக்கும். 1960களில் வெட்டப்பட்ட அச்சுகளில் வார்த்தவை, அரை நூற்றாண்டின் பின்னரும் புதுப்பெட்டியில் விற்பனைக்கு வந்துள்ளன. அச்சு எந்த ஆண்டினது என்று விசாரித்தறிதல் வேண்டும். பசையின் ஆவி உடலுக்கு ஆகாதது; யன்னல்களைத் திறந்து வைத்தே வேலை செய்தல் வேண்டும்.

ஒரு வாரத்தின் பின் அந்த மாணவனை அழைத்து இவற்றையெல்லாம் சொன்னேன். ரைகர் வேண்டாமென்று நான் கூறவில்லை. எண்களை மாத்திரம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவன் அதனைத் தன் மாமாவுக்கு அனுப்பியிருக்கின்றான். ஒன்றுக்குப் பதிலாக இரண்டு பெட்டிகள் வந்து சேர்ந்தன. ஒன்று ஷேர்மன், மற்றது ஜீ.எம்.சீ. லொறி. இரண்டும் 72இல் ஒரு பங்கு.

அவன் பொருத்தி முடித்தபின், நான் ஒன்று மாத்திரம் சொன்னேன். தடித்த கடதாசியில் ஓர் அங்குல உயரமுள்ள ஐந்து மனிதர்களை வெட்டித் தாங்கியின் பக்கத்தில் நிறுத்தச் சொன்னேன். ஷேர்மனில் ஐந்து பேர் இருப்பர்: கட்டளையிடுபவர், சுடுபவர், குண்டு நிரப்புபவர், சாரதி, உதவிச் சாரதி. அந்த உருக்கு உடலின் நீளம் மூன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அகலம் ஒன்றரை அங்குலமும் இல்லை. அதற்குள் பீரங்கியும் குண்டுகளும் எரிபொருளும் இயந்திரமும் அடங்கல் வேண்டும். மீதி இடமே அந்த ஐவருக்கும்.

கண்காட்சியன்று பிள்ளைகள் லொறியையும் தாங்கியையும் வியந்து பார்த்தனர். பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துவந்த வயோதிப மாது ஒருவர் அந்த மேசையருகே நின்றார். கடதாசி மனிதரை ஒவ்வொருவராக எண்ணினார். பின்னர், "இதுக்குள்ளேயோ தம்பி, ஐஞ்சு பிள்ளையளும் இருந்தவை?" என்று கேட்டார். மாணவன் "ஓமம்மா" என்றான். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. சிறிது நேரம் நின்றுவிட்டு அப்பாற் சென்றார்.

என் தயக்கத்துக்கு விடை அங்கே கிடைத்தது. போரின் கருவியைச் சிறிதாக்கும்போது மனிதனை மறந்துவிட்டால், அது வெறும் வேடிக்கைப் பொருள். மனிதனையும் அதே அளவிற் கூடவே நிறுத்தினால், அது வரலாறாகும். எதைத் தெரிந்தாலும், அந்த ஓரங்குல மனிதனைப் பக்கத்தில் நிறுத்த மறவாதீர்கள்.