சூளையான வீடு

விருத்தாசலத்துச் சூளைகளிலிருந்து கிண்ணமும் பொம்மையும் மின்காப்புப் பீங்கானும் வெளிவருவதை அறிவீர்கள். சூளையிலிருந்து ஒரு வீடு வெளிவருமா? இக்கேள்வியை முதலில் கேட்டபோது நானும் நகைத்தேன்.

1971இல் ரே மீக்கர் என்னும் அமெரிக்கர், டெபோரா ஸ்மித்துடன் புதுச்சேரியில் 'கோல்டன் பிரிட்ஜ்' மட்பாண்டக் கூடத்தை நிறுவினார். கட்டடக் கலையும் பயின்றவர் அவர். பச்சை மண் சுவர் மழையில் கரைகிறது; செங்கல்லோ ஏழைக்கு எட்டுவதில்லை. ஈரானியக் கட்டடக் கலைஞர் நாதிர் கலீலி காட்டிய வழியில், 1980களில் மீக்கர் சோதனையில் இறங்கினார். பச்சைக் கல்லை மண் சாந்திட்டு அடுக்கி, மரமும் கம்பியும் இன்றி வளைவுக் கூரை எழுப்பினார். உள்ளே பச்சைச் செங்கற்களை நிரப்பித் தீ மூட்டினார். நாட்கணக்கில் எரிந்து ஆறிய பின், வீடே சுட்ட மண்ணாய் நின்றது! உள்ளே வெந்த செங்கல்லை விற்றால் எரிபொருட் செலவு ஈடாகும் என்பது கணக்கு. ஆரோவில்லின் 'அக்னி ஜாதா' இவ்வாறு பிறந்ததே.

ஆயினும் தடித்த சுவர் வெப்பத்தை மிகக் குடிக்கும். விறகும் புகையும் பெருகும். 1989இல் தோன்றிய ஆரோவில் மண் ஆய்வு நிலையம் வேறு வழி சென்றது. மண்ணோடு நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கு சிமெண்ட் சேர்த்து, இயந்திரத்தால் அழுத்தி, சுடாமலே கல்லாக்கியது. என் மனம் இதன் பக்கமே சாய்கிறது.

எம்மண்ணைச் சுடலாம், எதைச் சுடாது விடலாம், எவ்வளவு சூடு போதும்? கட்டடக் கலைஞர் இதை யாரிடம் கேட்பார்? மண்ணின் சுருக்கத்தையும் சூளையின் வெப்பத்தையும் அளக்கக் கற்பவர்கள், விருத்தாசலத்துப் பீங்கான் தொழில்நுட்ப மாணவர்கள் அல்லரோ?