நம் பெயரில் ஒதுக்கிய பணம்: யாரைக் கேட்டார்கள்?

சென்ற கோடையில் முகத்துவாரக்குப்பத்தில் இளைஞர்களோடு ஒரு கூட்டம் நடத்தினேன். இளைஞர் நலனுக்கான நிதியை எப்படிச் செலவிட வேண்டும் என்று அவர்களிடமே கேட்பதுதான் நோக்கம். கையில் இருந்த நிதி விண்ணப்பப் படிவத்தைப் படித்துக் காட்டினேன். சங்கப் பதிவு எண், பான் அட்டை, மூன்று ஆண்டு தணிக்கைக் கணக்கு எல்லாம் கேட்டிருந்தார்கள். துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் ஒரு தம்பி சிரித்துவிட்டான்.

"அக்கா, எங்ககிட்ட இருக்கறது ஒரு கேரம் போர்டும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பும்தான். இதுக்கு எவன் ஆடிட் பண்ணுவான்?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது.

1932 செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. தனி வாக்காளர் தொகுதியை இழந்ததைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அதன் ஒன்பதாவது பிரிவைப் பற்றிப் பேசுவது குறைவு. ஒவ்வொரு மாகாணமும் தன் கல்வி மானியத்தில் போதிய தொகையை ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் கல்விக்கென ஒதுக்க வேண்டும் என்கிறது அது. 'போதிய தொகை' எவ்வளவு என்பதை யார் முடிவு செய்வது என்று அதில் இல்லை.

பத்து ஆண்டுகள் கழித்து, வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர், 1942 அக்டோபரில் லின்லித்கோவிடம் ஒரு குறிப்பாணை கொடுத்தார். நம் மாணவர்கள் அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்கவும், வெளிநாடு சென்று படிக்கவும் எவ்வளவு பணம் வேண்டும் என்று அதில் கணக்குப் போட்டுக் கேட்டார். 1944-ல் மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய உதவித்தொகை தொடங்கியது. இன்றும் நம் பிள்ளைகள் கல்லூரியில் வாங்குவது அதைத்தான். அவர் இரக்கம் கேட்கவில்லை, வரவு செலவில் ஒரு வரியைக் கேட்டார்.

சுதந்திரத்துக்குப் பிறகு இளைஞர்களுக்கென்றே திட்டங்கள் வந்தன. 1969 செப்டம்பர் 24 அன்று நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில், 40,000 மாணவர்களோடு தொடங்கியது. கல்லூரிக்குப் போகாத கிராமப்புற இளைஞர்களுக்காக 1972-ல் நேரு யுவ கேந்திரா வந்தது. எண்ணூரை இந்த இரண்டுக்கும் இடையில் வைத்துப் பாருங்கள். முன்பு கத்திவாக்கம் நகராட்சி, 2011 முதல் சென்னை மாநகராட்சி. எனவே இது கிராமம் இல்லை. பள்ளியோடு படிப்பை நிறுத்திவிட்டு ஒப்பந்த வேலைக்கும் கடலுக்கும் போகிறவனுக்குக் கல்லூரியும் இல்லை. முதல் வலையிலும் அவன் விழவில்லை, இரண்டாவதிலும் விழவில்லை. திட்டம் தீட்டியவர்கள் ஒருமுறை இங்கே வந்து கேட்டிருந்தால் இது தெரிந்திருக்கும்.

1979-80-ல் சிறப்பு உட்கூறுத் திட்டம் வந்தது. மக்கள்தொகை விகிதப்படி பட்டியல் சாதியினருக்கு நிதி ஒதுக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நம் பங்கு 20.01 விழுக்காடு. ஆனால் கேட்காமல் ஒதுக்கிய பணத்தைக் கேட்காமலேயே எடுக்கவும் முடியும். 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்காக டெல்லி அரசு இந்த நிதியிலிருந்து 700 கோடி ரூபாய்க்கு மேல் திருப்பிவிட்டது நினைவிருக்கிறதா? நம் சேரிப் பிள்ளைகளுக்கு ஒரு திடல் கிடைக்கவில்லை, அவர்கள் பணத்தில் தலைநகரம் விழா எடுத்தது. இங்கே நீண்ட போராட்டத்துக்குப் பின், 2024-ல்தான் தமிழ்நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் நிறைவேறியது.

இப்போது கருத்து கேட்கிறார்களே என்பீர்கள். 2022-ல் தேசிய இளைஞர் கொள்கை வரைவுக்கு 45 நாள் அவகாசம் தந்தார்கள். கருத்தை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். எண்ணூர் மக்களுக்கு இந்த முறை புதிதல்ல. 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை இந்தியிலும் ஆங்கிலத்திலும் வைத்துக்கொண்டு நாட்டையே கருத்துச் சொல்லச் சொன்னார்கள். எட்டாவது அட்டவணை மொழிகளிலும் வெளியிடுங்கள் என்று டெல்லி உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

கேட்டால் மட்டும் போதுமா? இங்கிலாந்தில் உள்ளாட்சிகள் இளைஞர் சேவை குறித்து இளைஞர்களின் கருத்தை அறிய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 2010-க்குப் பிறகு சிக்கன நடவடிக்கை வந்தபோது அங்கே இளைஞர் மையங்கள் வரிசையாக மூடப்பட்டன. கருத்துச் சொல்லும் உரிமை இருந்தது, பணத்தின் மேல் அதிகாரம் இல்லை.

என் கூட்டத்துக்கே திரும்புகிறேன். பதினான்கு பேர் வந்தார்கள், அத்தனை பேரும் ஆண்கள். பக்கத்துக் காலனியிலிருந்து ஒருவரும் இல்லை. மாலை ஏழு மணிக்குக் குப்பத்தின் மன்ற வாசலில் கூட்டம் வைத்தது நான்தான். அந்த நேரத்தில் அந்த இடத்துக்கு யார் வர முடியும் என்று நான் யோசிக்கவில்லை. கேட்கப் போகிறவர்களும் சிலரை விட்டுவிடுகிறோம். அடுத்த முறை ஞாயிறு பிற்பகல் காலனியிலேயே கூடினோம். ஒன்பது பெண்கள் வந்தார்கள். முதல் கூட்டம் திடலுக்கு விளக்கு கேட்டது. இவர்கள் கேட்டது மாலையில் உட்கார்ந்து படிக்க ஓர் அறை, பூட்டக்கூடிய கழிவறையோடு. இரண்டும் நியாயமானவை. ஒரே கூட்டத்தோடு நின்றிருந்தால் பாதிதான் என் அறிக்கையில் இருந்திருக்கும்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. வரைவுகள் தமிழில் வரட்டும், கூட்டம் வார்டு அளவில் நடக்கட்டும். பதிவு செய்யாத குழுக்களும் சிறு தொகை பெற வழி வேண்டும். பெண்களையும் காலனி இளைஞர்களையும் தனியாகச் சந்தித்துக் கேட்க வேண்டும். நிதியை முடிவு செய்யும் குழுவில் இளைஞர்களுக்கு வாக்கு வேண்டும். எவ்வளவு வந்தது, எங்கே போனது என்று ஆண்டுக்கொருமுறை அதே தெருவில் கணக்கு வாசிக்க வேண்டும்.

அந்தத் தம்பியின் கேரம் போர்டுக்கு ஆடிட்டர் தேவையில்லை. நம் பெயரில் ஒதுக்கிய பணத்துக்குத்தான் கணக்கு தேவை. அதைக் கேட்கும் உரிமை அவனுக்கும் அந்த ஒன்பது பெண்களுக்கும் உண்டு.