மென்பொருள் தரத் தேவைகள்

ஒரு மென்பொருள் தன் வேலையை எவ்வளவு விரைவாக, எவ்வளவு பாதுகாப்பாக, எந்த அளவுக்குப் பழுதின்றிச் செய்ய வேண்டும் என்று வரையறுப்பவை தரத் தேவைகள். கணினி நிறுவனங்களில் இவை ‘என்எஃப்ஆர்’ (செயல்சாராத் தேவைகள்) என்ற பெயரில் புழங்குகின்றன. ஆய்வாளர்கள் இவற்றைப் பார்க்கும் விதமும் மென்பொருளைக் கட்டுவோர் கையாளும் விதமும் வெகுகாலம் ஒட்டாமலே இருந்தன.

ஆய்வுலகம் வகைபிரிப்பதில் தொடங்கியது. 1976இல் பாரி போயம் குழுவும், 1977இல் அமெரிக்க விமானப்படைக்காக மெக்கால் குழுவும் தரக்கூறுகளைப் பட்டியலிட்டன. 1991இல் வந்த ஐஎஸ்ஓ 9126 தரநிலை ஆறு பண்புகளைச் சொன்னது. அதற்குப் பதிலாக 2011இல் வந்த 25010 எட்டைச் சொன்னது. 2023இல் அது ஒன்பதானது. பட்டியல் வளர்ந்ததே தவிர, எந்தப் பண்பு எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் மைலோபௌலோஸும் சங்கும் 1992இல் வேறு வழியில் போனார்கள். தரத் தேவை முழுமையாக நிறைவேறாது, போதுமான அளவுக்கே நிறைவேறும் என்றார்கள். குறியாக்கம் பாதுகாப்பைக் கூட்டினால் வேகம் குறையும் என்பது போன்ற உரசல்களை அவர்கள் வரைபடமாக்கினார்கள்.

மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் செயல் தேவை, தரத் தேவை என்ற பிரிவினையே தளர்வானது என்று சூரிக் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் கிளின்ஸ் 2007இல் டெல்லி மாநாட்டில் வாதிட்டார். “அனுமதி இல்லாதவர் தரவைப் பார்க்கக் கூடாது” என்றால் அது தரத் தேவை. அதையே “கடவுச்சொல் சரியாக இருந்தால்தான் தரவைக் காட்டு” என்று எழுதினால் செயல் தேவை. தொழில்துறை ஆவணங்கள் பதினொன்றிலிருந்து 530 தரத் தேவைகளை எடுத்து ஆராய்ந்த ஒரு ஜெர்மானியக் குழு, அவற்றில் பெரும்பாலானவை மென்பொருளின் நடத்தையைத்தான் விவரிக்கின்றன என்று 2016இல் காட்டியது.

தொழில் செய்வோருக்கு இந்த விவாதத்தில் அக்கறை குறைவு. ஸ்பெயினில் மென்பொருள் கட்டமைப்பாளர்கள் 13 பேரைப் பேட்டி கண்ட ஆய்வு (2012), தரத் தேவைகளைப் பெரும்பாலும் வாடிக்கையாளர் சொல்வதில்லை, கட்டமைப்பாளரே ஊகித்துக்கொள்கிறார் என்றது. எழுதி வைப்பவர்களும் சிலரே. எழுதினாலும் “தளம் வேகமாக இருக்க வேண்டும்” என்ற வரியை யாராலும் சோதிக்க முடியாது. “ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் தேடினாலும், நூற்றில் 95 தேடல்களுக்கு 2 நொடிக்குள் விடை” என்று இருந்தால் சோதிக்கலாம், விலையும் பேசலாம்.

இரு தரப்பையும் நெருங்க வைத்த முயற்சிகளில் உருப்படியானது, ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ரெக்னெல் குழு உருவாக்கிய ‘க்யூபர்’ முறை. தரத்தை அது ஒரு கோட்டில் மூன்று புள்ளிகளாகக் குறிக்கிறது. செயலி திறக்க 10 நொடி ஆனால் யாரும் வாங்கமாட்டார்கள், 2 நொடி என்றால் போட்டியாளரை முந்தலாம், அரை நொடியைக் கால் நொடியாக்கினாலோ செலவு ஏறுமே ஒழிய எவரும் கவனிக்கப்போவதில்லை.

கூகுள் போன்ற நிறுவனங்கள் தர இலக்கை ஆவணத்தோடு விட்டுவிடாமல், சேவை ஓடும்போதே கண்காணிக்கின்றன. 99.9 விழுக்காடு இயங்குநேரம் என்றால் 30 நாளில் சுமார் 43 நிமிடம் முடங்கலாம். அந்த ஒதுக்கீடு தீர்ந்துவிட்டால் புது வசதிகளை வெளியிடுவது நிறுத்தப்படும், பழுதுநீக்கத்துக்கே முன்னுரிமை.