கருமபீடத்துக்கு இந்தப் பக்கம்



பத்திரிகைக் கேலிச்சித்திரத்துக்கும் இலக்கியத்துக்கும் என்ன உறவு என்று சிலர் வினவக்கூடும். ஒரு காலத்தின் அலுவலகங்கள் எவ்வாறு இயங்கின என்பதை அரசாங்க அறிக்கைகள் மறைத்தாலும் சித்திரக்காரனின் கோடுகள் சொல்லிவிடும் என்பது என் எண்ணம். அத்தகைய இரண்டு தொடர்களைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விழைகின்றேன்.

1921இல் மைசூரில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தவர் ஆர். கே. லக்ஷ்மண். நாவலாசிரியர் ஆர். கே. நாராயணின் தம்பி. பம்பாய் 'ரைம்ஸ் ஒஃப் இந்தியா' பத்திரிகையில் 1951இல் 'யூ செட் இட்' என்ற ஒற்றைக் கட்டச் சித்திரத்தை அவர் தொடங்கினார். அது ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. கட்டம்போட்ட கோட்டு, வேட்டி, மூக்குக்கண்ணாடி, வழுக்கைத் தலையின் ஓரத்தில் சில நரைமயிர்கள் - இதுதான் அவர் படைத்த 'சாமானியன்'. அலுவலக வாழ்வை மட்டுமே லக்ஷ்மண் வரைந்தார் என்பதற்கில்லை. ஆனால் அமைச்சரின் அறை, மேசையில் குவிந்த கோப்புகள், அதிகாரியின் சாக்குப்போக்கு ஆகியவை அவருடைய நிலையான களங்கள். அங்கெல்லாம் சாமானியன் ஓரமாக நிற்பான். வாய் திறந்து ஒரு வார்த்தையும் பேசமாட்டான்.

அமெரிக்காவில் 1989 ஏப்ரல் 16ஆந் திகதி தொடங்கிய 'டில்பேர்ட்' இதற்கு நேர்மாறானது. அதை வரைந்த ஸ்கொட் அடம்ஸ் 1995 வரை தொலைபேசிக் கம்பனியொன்றில் பணியாற்றியவர். தடுப்புப் பலகைகளால் அடைத்த சிறு கூண்டுகளில் இருக்கும் ஊழியர்கள், ஒன்றும் விளங்காத மேலாளரை எண்ணி அங்கலாய்ப்பதே அதன் சாரம். இரண்டாயிரம் பத்திரிகைகளுக்குமேல் அதனை வெளியிட்டன. கறுப்பின மக்களைப் பற்றி அடம்ஸ் சொன்ன இழிவான கருத்துகளால் 2023இல் பல நூறு பத்திரிகைகள் அதனைக் கைவிட்டன.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். டில்பேர்ட்டுக்கு உட்கார ஒரு நாற்காலி இருக்கிறது. மாத முடிவில் சம்பளமும் உண்டு. நம்முடைய சாமானியன் நிற்கிறான். அங்கே அலுவலகத்தின் துயரம் உள்ளே இருப்பவனுடையது. இங்கே வெளியே காத்திருப்பவனுடையது. கச்சேரியும் கோப்பும் வெள்ளைக்காரர் விட்டுச்சென்ற முதுசம். ஆள்வதற்காக அமைத்த கந்தோர்கள், சுதந்திரத்தின் பின்னரும் மக்களை மனுதாரராகவே நிறுத்திவைத்தன.

இது எனக்கு ஏட்டுப்படிப்பு அன்று. திகனைக்கு அண்மித்த தோட்டமொன்றில் என் தாத்தா தொழிலாளியாக இருந்தார். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவரை நாடற்றவராக்கிற்று. 1964இல் ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பிறகு பார்க்கப்படும் என்று இரண்டு தலைநகரங்கள் கணக்கைப் பிரித்தன. தான் எந்தக் கணக்கில் சேர்ந்தவர் என்று அறிய, கண்டியில் ஒரு காரியாலயத்துக்குத் தாத்தா பலமுறை நடந்தாராம். கூடவே போன சிறுவன் என் அப்பா. "பெயர் ஒரு கடுதாசியில் ஒரு மாதிரி, மற்றதில் வேறு மாதிரி இருக்கு. அடுத்த மாதம் வா" என்பார்களாம். தாத்தா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வாராம்; பேசமாட்டாராம். அவர் நாடற்றவராகவே கண்மூடினார். அப்பாவுக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே குடியுரிமை கிடைத்தது.

லக்ஷ்மணின் சித்திரத் தொகுப்பொன்றை முதன்முதலில் நான் புரட்டியபோது, சாமானியன் எனக்குப் புதியவனாகத் தோன்றவில்லை.

அந்த இலிகிதர்மீது எனக்கு நெடுங்காலம் கோபமிருந்தது. அப்பா ஒருநாள் சொன்னார்: "அவரும் தமிழாள்தான். சிங்களச் சோதினை பாஸாகாவிட்டால் வேலை போய்விடுமே என்ற பயம் அவருக்கு." 1956ஆம் ஆண்டு மொழிச்சட்டத்தின் பின் எத்தனையோ தமிழ் உத்தியோகத்தர்கள் அந்தப் பயத்தோடுதான் மேசைக்கு முன் இருந்தார்கள். கருமபீடத்துக்கு அந்தப் பக்கத்தில் ஒரு டில்பேர்ட், இந்தப் பக்கத்தில் ஒரு சாமானியன். ஒருவரையொருவர் அடையாளம் காணாமலே இருவரும் அன்று பிரிந்திருக்கிறார்கள். லக்ஷ்மண் காட்டாத அந்தப் பாதியை அமெரிக்கச் சித்திரம் எனக்குக் காட்டிற்று என்பதையும் நன்றியோடு சொல்லவேண்டும்.

சென்ற தவணையில், மகனின் நற்சான்றிதழுக்காகத் தோட்டத்துத் தந்தை ஒருவர் எங்கள் கல்லூரிக்கு வந்தார். ஆசிரியர் அறை வாசலில், துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றார். கையிலிருந்த விடைத்தாள்களைத் திருத்திவிட்டுப் பார்க்கலாம் என்று நானும் ஒரு கணம் குனிந்திருந்தேன். பிறகுதான் நிமிர்ந்து, "ஐயா, உள்ளே வந்து இருங்க" என்றேன். அந்த ஒரு கணம் இன்னும் என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது.